பிரசவ அறை ஜன்னலில் ஒரு பெற்றோமக்ஸ்

என் மருமகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் போன மாதம் ஜெனரேற்றர் பூட்டினார்கள். கரண்ட் நின்றால் கண் மூடித் திறப்பதற்குள் ஒப்பறேஷன் அறையில் வெளிச்சம் திரும்பிவிடுமாம். அவளுடைய சிநேகிதிகளான தாதிமார் சிலர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "மாமி, உங்கட காலத்தில கரண்ட் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள்.

"பெற்றோமக்ஸ் கொளுத்துவோம்" என்றேன்.

சிரித்தார்கள். கலியாண வீட்டு விளக்கை வைத்துக்கொண்டு பிள்ளை பெறுவிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். பெறுவிக்கலாம். வயிற்றைத் திறந்தும் எடுக்கலாம். அப்படி எடுத்தபோது விளக்குக்குப் பொறுப்பாக நின்றவள் நான். அதை எழுதித் தாருங்கள், எங்கள் ஆஸ்பத்திரி மலரில் போடுகிறோம் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு, பிறகு பல நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. புருஷன் காய்ச்சலில் இறந்தபின், தெரிந்த சிஸ்டர் ஒருவர் சொல்லி, வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கை ஒன்றில் இருந்த சிறிய பிரசவ விடுதியில் ஆயாவாகச் சேர்ந்தேன். அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்து லேடி டொக்டர். எல்லோருக்கும் அவர் டொக்டரம்மா. கலியாணம் செய்யாதவர். உயரம் குறைவு, மெல்லிய குரல். அந்தக் குரலை அவர் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் பழகவேண்டியிருந்த பழக்கம் ஒன்று உண்டு. எதைச் செய்வதானாலும் செய்வதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும். "சொல்லிப்போட்டுச் செய் பிள்ளை" என்பார். ஊசியை அவிக்கப் போகிறேன், கொதித்தபின் இறக்குவேன், கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பை மூட்டலாம். ஆரம்பத்தில் எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை போல வெட்கமாக இருந்தது. பிறகு, சொல்லாமல் எதையும் செய்ய முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

கடற்காற்றும் இடியும் சேர்ந்தால் எங்கள் ஒழுங்கையில் கரண்ட் நிற்கும். ஒரு தரம் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. மறுநாள் டொக்டரம்மா சாமான் அறையைக் கிளறி, முந்திக் குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பழைய பெற்றோமக்ஸைத் தூக்கிவந்தார். சிமினி உடைந்து, பித்தளை முழுக்கப் பச்சை பூத்து, பம்பின் பிடி வளைந்து கிடந்தது.

"இதை எரியப் பண்ண ஏலுமோ?" என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோவில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் லைற் வாடகைக்கு விடும் கடை இருந்தது. அங்கே கொண்டுபோனேன். கடைக்காரர் சூசை அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது பித்தளைக் கடைக்குப் போற சாமான்" என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் காட்டி, பம்புக்குப் போடும் தோலில் ஒரு துண்டும் தந்து அனுப்பினார்.

பிறகு பின்னேரங்களில், வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து, டொக்டரம்மாவும் நானும் பின் விறாந்தையில் கடதாசி விரித்து உட்கார்ந்தோம். எண்ணெய்த் தாங்கியின் வெளிப்புறத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். உள்ளே பழைய எண்ணெய் பிசின் போல இறுகிக் கிடந்தது. பொடிக்கல்லும் மண்ணெண்ணெயும் விட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். பம்பின் தோல் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. புதுத் தோலை வட்டமாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். பம்பின் அடியில், உள்ளே போன காற்றைத் திரும்பி வரவிடாமல் மறிக்கிற சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. அதற்குள் இருந்த தக்கை உக்கிப்போயிருந்தது. டொக்டரம்மா மருந்துப் போத்தல் தக்கையை எடுத்து, தன் சின்னக் கத்தியால் அளவாகச் செதுக்கித் தந்தார். எண்ணெய் ஏறும் குழாயில் அடைந்திருந்த கரியைக் கம்பியால் சுரண்டி எடுத்தோம். கடைசியாகக் காற்றடித்து, தாங்கியை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தோம். மூடிக்குப் பக்கத்தில் குமிழி குமிழியாக வந்தது.

"ஒழுகுற இடம் தெரிஞ்சாப் பாதி வைத்தியம் முடிஞ்சுது" என்றார் டொக்டரம்மா.

கொட்டாஞ்சேனையில் அந்த ஓட்டைக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டு வந்தேன். சிமினியும் மென்டிலும் சூசை அண்ணன் தேடித் தந்தார். மென்டில் என்பது பட்டுநூல் பை போன்ற சின்ன வலை. அதைக் கட்டி ஒரு தரம் எரித்துவிட்டால் வெறும் சாம்பல் கூடாகிவிடும். அந்தச் சாம்பல்தான் பிறகு வெளிச்சம் தருவது. விரல் பட்டாலோ, விளக்கை இடித்தாலோ உதிர்ந்துபோகும்.

பெற்றோமக்ஸ் அரிக்கன் லாம்பைப் போல நெருப்புக்குச்சி கிழித்த உடனே எரியாது. மென்டிலுக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் ஸ்பிரிற்று ஊற்றிக் கொளுத்த வேண்டும். அந்த நீலநெருப்பில் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். குழாய் சுட்டால்தான் மண்ணெண்ணெய் ஆவியாக மாறி மென்டிலுக்குப் போகும். ஸ்பிரிற்று எரிந்து முடிகிற தறுவாயில் காற்றுத் திருகை இறுக்கிப் பம்பை அடித்தால், உஸ்ஸென்று இரைந்துகொண்டு வெள்ளை வெளிச்சம் எழும்பும். பொறுமையில்லாமல் முந்தி அடித்தால் எண்ணெய் பச்சையாகப் பாய்ந்து, தீ முகட்டுக்கு எழும்பி, மென்டில் கருகிவிடும். பிறகு எல்லாம் முதலில் இருந்து. இதை டொக்டரம்மாவுக்கு முன்னால் நின்று நான் எத்தனையோ தரம் வாயால் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் விளக்கை அறைக்குள் கொண்டுபோக அவர் விடவில்லை. மயக்கத்துக்கு நாங்கள் கொடுத்தது ஈதர்.

"ஈதர் ஆவி பாரம், பிள்ளை. நிலத்தால ஊர்ந்து போகும். நெருப்பு எங்க இருக்குதோ அங்க போய்ப் பத்திக்கொண்டு திரும்பி வரும். இந்த அறையில ஈதர் மணக்கும் மட்டும் குச்சி, மெழுகுதிரி, விளக்கு ஒண்டும் வரப்படாது."

அதனால் ஜன்னலுக்கு வெளியே, விறாந்தை இல்லாத கடற்பக்கச் சுவரில், உயரமாக ஒரு இரும்புக் கொளுக்கி அடித்தோம். கண்ணாடியைச் சாத்திவிட்டு விளக்கை அதில் மாட்டினால் வெளிச்சம் மேசை மேல் விழும். எதிர்ச் சுவரில் டொக்டரம்மாவின் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தோம். அந்த வெளிச்சத்தில் முதல் பிரசவத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டொக்டரம்மா, விளக்கை அண்ணாந்து பார்த்து, "நல்ல பிள்ளை" என்றார். என்னைச் சொன்னாரா விளக்கைச் சொன்னாரா தெரியாது. இரண்டு பேருக்குமாக நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பிறகு யுத்தம் கொழும்புக்கு வந்தது. ஒரு காலையில் ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகப் பக்கமும் இரத்மலானைப் பக்கமும் குண்டு போட்டுவிட்டுப் போயின. அடுத்த நாட்களில் வெள்ளவத்தை வெறுமையாகிவிட்டது. பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாணத்து ரயிலுக்கு முண்டியடித்தவர்கள், பஸ் கிடைக்காமல் காலி வீதியால் நடந்தே போனவர்கள், எல்லோரையும் வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் தாதிமாரும் போய்விட்டார்கள். மிஞ்சியது டொக்டரம்மா, பறங்கி நேர்ஸ் டெய்சி, நான். இருட்டினால் வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது என்பது சட்டம். ஜன்னல்களுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டினோம். எங்கள் ஒழுங்கைக்கு அதைப் பார்க்கும் வார்டனாக மஜீத் நானா இருந்தார். காலி வீதியில் புடவைக் கடை வைத்திருந்த நல்ல மனிதர்.

அந்த நாட்களில்தான் பரமேஸ்வரி வந்தாள். தலைப்பிள்ளை. புருஷன் துறைமுகத்தில் கிளார்க். அவசியச் சேவை என்று வேலையை விட்டு நகர விடவில்லை. மாதம் நெருங்கிவிட்டதால் ரயிலில் ஊருக்குப் போகவும் பயந்து, பாமன்கடையில் தனியே இருந்தாள். ஒரு மத்தியானம் நோவு கண்டு பக்கத்து வீட்டுக்காரர் றிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். பின்னேரம் வரைக்கும் பார்த்துவிட்டு டொக்டரம்மா கையைக் கழுவினார்.

"பிள்ளை குறுக்கால கிடக்குது. திருப்ப ஏலாது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பக் கார் இல்லை, நேரமும் இல்லை. இஞ்சையே எடுப்பம்."

அவர் அதைச் சொல்லும்போதே வானம் கறுத்து இடிக்கத் தொடங்கியது. டெய்சி ஈதர் முகமூடியை வைத்தபோது கரண்ட் இருந்தது. மழை கொட்டத் தொடங்கியதும் நின்றது.

நான் சொல்லிவிட்டே செய்தேன். "ஜன்னல் கடதாசிய உரிக்கிறேன், கண்ணாடிய இறுக்கிச் சாத்துறேன், வெளியில போய்க் கொளுத்துறேன்." பிஸ்கட் தகரத்தை வெட்டி விளக்கின் மூன்று பக்கமும் மறைப்பாக வைத்தேன். ஆனாலும் மேலாலும் கீழாலும் கசிந்த வெளிச்சம் மழைத்தாரைகளில் பட்டு, முற்றம் முழுக்க வெள்ளி விழுந்தது போலத் தெரிந்தது. அப்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது. கடல் நூறு யார் தூரம்கூட இல்லை. சூடான சிமினியில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் வெடிக்கும் என்பதால், ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பம்பை அடித்தேன்.

விடுதிக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண், தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு வாசலில் நின்று, "நிவன்ன! நிவன்ன!" என்று அழுதாள். அணையுங்கள் என்று கெஞ்சினாள். குண்டில் செத்த அவளுடைய தம்பியை முந்தின நாள்தான் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தார்கள். சத்தம் கேட்டு மஜீத் நானா ஓடிவந்தார்.

"என்ன புள்ள இந்த வேல? கடல்ல நிக்கிற கப்பலுக்கும் வெளங்குமே! அணைங்க, அணைங்க!"

"நானா, உள்ள வயித்தத் திறந்திருக்கு. அணைச்சா ரெண்டு உயிரும் போயிரும்."

அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யா அல்லாஹ்" என்று சொல்லி, என் கையில் இருந்த குடையை வாங்கிப் பிடித்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி வேலிக் கம்பில் விரித்துக் கடற்பக்கத்தை மறைத்தார். பிறகு ஜன்னலில் தட்டி, "டொக்டர், எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"முடிஞ்ச உடன அணைக்கிறம் நானா. இது என்ர சொல்லு" என்று உள்ளிருந்து டொக்டரம்மாவின் குரல் வந்தது. "பிள்ளை, மங்குது. பம்ப் பண்ணு."

அடித்தேன். வெளிச்சம் கூடியது. மழை இரைச்சலுக்கும் விளக்கின் இரைச்சலுக்கும் இடையில் ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டது. மஜீத் நானா குடையோடு நின்றபடியே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவருடைய தாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தையல் முடியும்வரை இருவரும் அசையாமல் நின்றோம். கண்ணாடியில் டொக்டரம்மா விரலால் தட்டினார்.

"முடிஞ்சுது. அணை."

காற்றுத் திருகைத் திறந்தேன். இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கி, மென்டில் சிவந்து, கறுத்தது. மஜீத் நானா பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், அந்தப் பெண்ணுக்குச் சிங்களத்தில் ஆறுதல் சொன்னது கேட்டது. இனி வெளிச்சம் வராது, பயப்படாதே என்றார்.

மழை படாமல் விளக்கின் மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்துவிட்டு, நான் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அறை கும்மிருட்டு. ஈதர் மணம் மூக்கில் ஏறியது. டோர்ச்சுக்குப் பற்றரி கிடைக்காத காலம் அது. இருந்த பற்றரியும் ஒப்பறேஷனில் செலவழிந்துபோயிருந்தது. பரமேஸ்வரியை மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். டொக்டரம்மா கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, அவளுடைய வயிற்றின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கருப்பை இறுகியிருக்கிறதா என்று கையாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நாடி நன்றாக இருந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாக மயக்கம் தெளிந்தாள்.

"என்ன பிள்ளை?" என்று கேட்டாள்.

"பொம்பிளைப் பிள்ளை. வடிவான பிள்ளை" என்றார் டொக்டரம்மா.

"காட்டுங்கோ."

டெய்சி குழந்தையைக் கொண்டுவந்து அவளுடைய கன்னத்தோடு வைத்தாள். "ஒண்டும் தெரியேல்லையே" என்றாள் பரமேஸ்வரி. கையைத் தூக்கி, விரல்களால் குழந்தையின் நெற்றியையும் கண்ணையும் மூக்கையும் தடவினாள். "அவற்ற மூக்குப் போல கிடக்குது. வெளிச்சம் இல்லையோ?"

நான் கேட்டேன். "டொக்டரம்மா, வெளியில போய்க் கொளுத்தட்டுமா? ஒரு தரம் பார்த்திட்டு உடனே அணைச்சிருவேன்."

டொக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே அந்தச் சிங்களப் பெண் இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றார். "அந்தச் சனத்துக்குச் சொல்லுக் குடுத்திட்டம்." பிறகு கட்டிலின் பக்கம் குனிந்து, "விடியட்டும் பிள்ளை. பகல் வெளிச்சத்தில ஆறுதலாப் பாக்கலாம். உம்மட பிள்ளைதானே, எங்க போகப்போகுது?" என்றார்.

"ஓம் டொக்டர்" என்றாள் பரமேஸ்வரி.

வகுப்பில் ஆசிரியை சொன்னதற்குப் பிள்ளைகள் தலையாட்டுவது போல அவ்வளவு நல்ல பிள்ளையாகச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். நான் இரத்தத் துணிகளைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டொக்டரம்மாவின் கதிரை பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது.

"கருப்பை இளகுது, ரத்தம் பாயுது. டெய்சி, ஊசி. பிள்ளை, லைற்!"

ஓடினேன். கொளுக்கியில் விளக்கு மழைக்காற்றில் குளிர்ந்துபோயிருந்தது. கிண்ணத்தில் ஸ்பிரிற்று ஊற்றிக் கொளுத்தினேன். நீலநெருப்பு எழும்பியது. அதன்பின் செய்வதற்கு எதுவும் இல்லை. நிற்கத்தான் வேண்டும். என் கை பம்பின் மேலேயே இருந்தது. அடித்தால் தீ எழும்பும், மென்டில் கருகும், இருந்த ஒரே மென்டில் அது. கப்பலில் வருவது நின்று மாதங்களாகிவிட்டன. உள்ளேயிருந்து டொக்டரம்மா கேட்டார்.

"எவ்வளவு நேரம் பிள்ளை?"

"சூடாகுது டொக்டரம்மா."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த நீலநெருப்பைப் பார்த்தபடி நின்றேன். அதைவிட நீளமான நேரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

நெருப்புத் தாழ்ந்ததும் அடித்தேன். வெளிச்சம் வந்தது. கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே தரத்தில் தெரிந்தது. டொக்டரம்மாவின் கை முழங்கை வரை சிவப்பு. டெய்சி கட்டிலின் கால்மாட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. பரமேஸ்வரியின் முகம் தொட்டில் பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் மூடியிருந்தது.

டொக்டரம்மா விடவில்லை. நெடுநேரம் போராடினார். வெளிச்சம் கண்டு திரும்பி வந்த மஜீத் நானா என் முகத்தைப் பார்த்தார். மழை விட்டிருந்தது. ஆனாலும் குடையை விரித்து, விளக்கை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் டொக்டரம்மா ஜன்னலடிக்கு வந்து, கண்ணாடியில் தட்டாமல், உள்ளங்கையை மட்டும் காட்டினார். அணைத்தேன்.

காலையில் புருஷன் வந்தார். துறைமுகத்துத் தூசி படிந்த உடுப்போடு, தகவல் கேட்டு நடந்தே வந்திருந்தார். மெலிந்த மனிதர். மனைவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து விறாந்தையில் நின்றார். டெய்சி குழந்தையைக் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளையைப் பார்த்தவவோ?"

டெய்சி என்னைப் பார்த்தாள். "ஓம், பார்த்தவ" என்று சொல்லிவிடலாம் போல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் டொக்டரம்மா முன்னுக்கு வந்தார்.

"பார்க்கேல்லை. காட்டச் சொல்லிக் கேட்டவ. இருட்டாயிருந்தது. நான்தான் விடியட்டும் எண்டனான்."

அவர் குழந்தையின் துணியை இழுத்து மூடினார். பிறகு, "நோவில்லாமல் போனவவோ?" என்றார்.

"நோவில்லை. உங்கட மூக்குப் போல எண்டு பிள்ளையைத் தடவிப் பார்த்துச் சொன்னவ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள் உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள் டொக்டர்" என்று கும்பிட்டார். திட்டியிருந்தால் டொக்டரம்மா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கும்பிடுக்கு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையைச் சில கிழமை நாங்களே போத்தல் பாலில் வளர்த்தோம். பிறகு அவருடைய தமக்கை ஊரிலிருந்து வந்து கொண்டுபோனார். அதன்பின் அந்தப் பிள்ளையைப் பற்றி எந்தச் செய்தியும் எங்களுக்கு வரவில்லை.

யுத்தம் முடிந்தது. ஜன்னல் கடதாசிகளை உரித்தோம். விடுதிக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். டொக்டரம்மா பழையபடி மெல்லிய குரலில், சொல்லிப்போட்டுச் செய் என்றே வேலை வாங்கினார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. பிள்ளை பிறந்த உடனே, குளிப்பாட்டுவதற்கு முன், நிறுப்பதற்கு முன், எந்தத் தாயானாலும் அவள் கண்ணெதிரே வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். "பார்த்திட்டீரோ? வடிவாப் பார்த்திட்டீரோ?" என்று கேட்டு, அவள் ஓம் என்று சொன்னபிறகுதான் அடுத்த வேலை. புதிதாக வந்த தாதிமார் இதைப் பார்த்து டொக்டரம்மாவுக்கு என்னவோ பழக்கம் என்று பேசிக்கொண்டார்கள். நானோ டெய்சியோ காரணம் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர் போகப்போகிறார்கள் என்று எல்லோரும் கதைத்த நாட்களில், டொக்டரம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து ஒப்பறேஷன் செய்ய முடியாமல் போனது. விடுதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். கடைசி நாள் அவருடைய புத்தகங்களை நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பிரசவ அறையில் தனியே நின்றார். மனம் கேட்காமல் நான் போய்ச் சொன்னேன்.

"டொக்டரம்மா, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான். வேற யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க."

அவர் திரும்பினார். ஆள் தெரியாமல், குரல் வந்த பக்கமாகப் பார்த்தார்.

"ஓம், சரிதான்" என்றார். "நாடி நல்லாயிருந்தது. அறை முழுக்க ஈதர். வெளியில அந்தப் பொம்பிளை அழுதுகொண்டு நிண்டவ. இப்ப திரும்பவும் அந்த இடத்தில நிண்டாலும் அதைத்தான் சொல்லுவன்." ஜன்னல் பக்கம் திரும்பி, "பிழை விட்டிருந்தா அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பன், பிள்ளை. சரியாச் செய்ததுக்கு என்னெண்டு மன்னிப்புக் கேக்கிறது?" என்றார்.

பெட்டியைப் பூட்டித் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவருடைய கையைப் பிடித்து, வெள்ளவத்தை ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன்.